பஸ் தடமும் டிரைவரம்மாவின் கையும்

காலை நெரிசலில் பஸ் ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு கர்வம் உண்டு. பக்கத்து வரிசைகளில் பளபளக்கிற கார்களெல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக முடங்கிக் கிடக்க, தரையில் சிவப்புப் பட்டை அடித்த பஸ் தடத்தில் பஸ் மட்டும் ஜம்மென்று போகும். எவ்வளவு பெரிய மனிதர் காருக்குள் உட்கார்ந்திருந்தாலும் அந்த நேரத்தில் அண்ணாந்து பஸ்ஸைத்தான் பார்த்தாக வேண்டும். டிரைவரம்மாவுக்கும் அந்தக் கர்வம் வருஷக்கணக்கில் இருந்தது. அதற்கு ஆப்பு வைத்தவர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த வீட்டுக்காரர்தான்.

அவர் ஓட்டுவது புக்கிங் கார். ஜனங்கள் போனில் பதிவு செய்தால் வீட்டு வாசலுக்கே போய் நிற்கிற வாடகைக் கார். அந்த நகரத்தின் சட்டப்படி பஸ் தடத்தில் பஸ் போகலாம், ஆம்புலன்ஸ் போகலாம், கூரையில் விளக்கு வைத்த மீட்டர் டாக்சி போகலாம். புக்கிங் கார் மட்டும் போகக் கூடாது. அதனால் தினமும் காலையில், மேம்பாலத்துக்கு முந்தின சிக்னலில், வீட்டுக்காரரின் சாம்பல் நிறக் கார் நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கும். டிரைவரம்மாவின் பஸ் அதை உரசுகிற மாதிரி கடந்து போகும். பஸ்ஸின் சீட்டு உயரம். கீழே குனிந்து பார்த்தால் காருக்குள் நடப்பதெல்லாம் தெரியும்.

அப்படித்தான் ஒருநாள் பார்த்தாள். பின்சீட்டில் வெள்ளைக் கோட்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு ஒரு அம்மாள். முன்னால் வீட்டுக்காரர் ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்து, இன்னொரு கையைக் காற்றில் ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கும் வாயெல்லாம் பல். இந்த மனுஷனுக்கு இத்தனை பல் இருப்பதே டிரைவரம்மாவுக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாளும் அதே கார், அதே அம்மாள், அதே சிரிப்பு. அதற்கடுத்த நாளும் அப்படியே. பஸ் தடத்தில் நடுவழியில் நிறுத்த முடியாது. நின்றால் பின்னால் வருகிற பஸ்ஸெல்லாம் நின்றுபோகும். இரண்டு விநாடி பார்க்கலாம், அவ்வளவுதான். அந்த இரண்டு விநாடியை வைத்துக்கொண்டு மிச்ச நாள் முழுக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

ஏன் எரியாது? வீட்டில் அவர் கல்லுளிமங்கன். சாப்பிட உட்கார்ந்தால் "ம்", எழுந்தால் "சரி". வெளியூரில் படிக்கிற மகள் போன் செய்தால் "சாப்பிட்டியா? இந்தா அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று நெருப்பைத் தொட்டவர் மாதிரி போனைக் கை மாற்றிவிடுவார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற மனிதர்.

ஆனால் அவர் எப்போதும் இப்படி இருந்தவரில்லை, அதுதான் கொடுமை. கல்யாணத்துக்கு முன்னால் அவர் அவளுடைய பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போகிற பயணி. உட்கார இடம் இருந்தாலும் உட்காரமாட்டார். நேரே முன்னால் வந்து, "ஓட்டுநருடன் பேசாதீர்கள்" என்று எழுதியிருக்கிற பலகைக்கு அடியிலேயே நின்றுகொண்டு பேசுவார். மேலதிகாரி தூங்குகிற அழகு, பக்கத்து வீட்டு நாய் செருப்பைத் திருடி மாடியில் சேர்த்து வைத்த கதை, வாயில் வந்ததையெல்லாம் பேசுவார். இவள் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டுவாள். அந்தப் பேச்சுக்குத்தான் அவரைக் கட்டிக்கொண்டாள். வேறு எதற்கு? நிறமா, உயரமா, சொத்தா?

அந்தப் பேச்சு எப்போது நின்றது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் பார்த்தால் நின்றிருந்தது. சரி, மனுஷனுக்கு வயசாகிவிட்டது, பேசித் தீர்த்துவிட்டார் என்று மனசைத் தேற்றிக்கொண்டு குடும்பம் நடத்தினாள். இப்போது பார்த்தால் தீரவே இல்லை! எல்லாம் பத்திரமாக இருக்கிறது. தபால்காரர் அடுத்த வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போகிற மாதிரி, அவளுக்கு வர வேண்டியது தினமும் வேறொருத்தி மடியில் விழுந்துகொண்டிருக்கிறது.

ஒரு சாயங்காலம் தட்டில் பரிமாறிக்கொண்டே, ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"காலைல யாரோ ஒரு அம்மா உங்க கார்ல வர்றாங்களே?"

"பல் டாக்டர். தெனமும் புக்கிங்."

"என்ன பேசுவீங்க?"

"சும்மா."

எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார். அந்தச் "சும்மா"வை அவளால் மென்று முழுங்க முடியவில்லை. அன்றைக்கே மனசுக்குள் பல் டாக்டரம்மாவுக்கு "முப்பத்திரண்டு" என்று பெயர் வைத்துவிட்டாள். சிரித்தால் அத்தனையும் தெரிகிறதே.

இந்தச் சமயத்தில்தான் நகராட்சி அலுவலகத்தில் ஒரு குழு போட்டார்கள். புக்கிங் கார்களையும் பஸ் தடத்தில் விடலாமா, கூடாதா என்று முடிவு செய்ய. போக்குவரத்து அதிகாரி ஒருவர் தலைவர். மீட்டர் டாக்சிக்காரர்கள் சார்பில் ஒருவர், புக்கிங் கார்க்காரர்கள் சார்பில் ஒருவர், பயணிகள் சார்பில் சக்கர நாற்காலியில் வருகிற ஒரு டீச்சர், இன்னும் இரண்டு மூன்று பேர். பஸ் டிரைவர்கள் சார்பில் டிரைவரம்மா.

அவளை அனுப்பியது டெப்போ சங்கத்தின் செயலாளர். தொண்டை அப்படி என்பதால் அவரை எல்லோரும் "மைக்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உன் வீட்டுக்காரர் புக்கிங் கார் ஓட்டறாருன்னு மொதல்லயே எழுந்து சொல்லிடு. அப்புறமா வேண்டாம்னு கையைத் தூக்கு. சொந்த வீட்டுக்கே எதிரா ஓட்டுப் போட்டவன்னு ஒரு மரியாதை கெடைக்கும் பாரு" என்றார் மைக், கேன்டீன் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்ணே" என்றாள். உண்மையிலேயே அப்படித்தான் செய்வதாக இருந்தாள். கார்களை உள்ளே விட்டால் பஸ் கெட்டுப்போகும் என்பது ஸ்டீயரிங் பிடித்த யாருக்கும் தெரியும்.

ஆனால் கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் அதே சிக்னலில் நெரிசல் கொஞ்சம் அதிகம். பஸ்ஸும் வேகம் குறைத்துப் போக வேண்டியிருந்தது. அதனால் இரண்டு விநாடிக்கு மேலேயே பார்க்க நேர்ந்தது. வீட்டுக்காரர் கதையின் உச்சத்தில் இருந்தார் போல. முப்பத்திரண்டு சிரிப்புத் தாங்காமல் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்கு என்ன கதை அது? அந்த எரிச்சலில்தான் டிரைவரம்மாவுக்கு ஒரு விஷயம் மண்டையில் உதித்தது.

இவர்கள் இவ்வளவு பேசுவதற்குக் காரணமே நெரிசல்தான்! கார் நிற்கிறது, பொழுது போகவில்லை, பேசுகிறார்கள். அதே கார் பஸ் தடத்தில் வந்தால்? ஏறினோம் இறங்கினோம் என்று போய்ச் சேர்ந்துவிடும். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிடும். பிறகு எங்கே கதை, எங்கே கைக்குட்டை?

மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்று வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னாள். எல்லோரும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்கள். இரண்டு பக்கமும் வாதம் நடந்தது. கடைசியில் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கொஞ்ச நாளைக்குச் சோதனையா விட்டுப் பார்ப்போமா? ஆதரவா இருக்கறவங்க கையைத் தூக்குங்க" என்றார்.

மூன்று கைகள் உயர்ந்தன. இன்னும் ஒன்று வந்தால் போதும். டிரைவரம்மா கையைத் தூக்கினாள்.

மீட்டர் டாக்சிக்காரர் வாயில் ஈ போவது தெரியாமல் அவளைப் பார்த்தார். டீச்சர் சக்கர நாற்காலியைச் சற்றே திருப்பி, "நீங்களா?" என்றார்.

"சோதிச்சுப் பார்க்காமலே வேண்டாம்னு சொன்னா, நாளைக்கு பஸ்காரங்க பிடிவாதக்காரங்கன்னு பேர் வரும் பாருங்க" என்றாள் டிரைவரம்மா. எவ்வளவு சரளமாகப் பொய் வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

டெப்போவில் ஒரே களேபரம். மைக் பேசவே இல்லை, அதுதான் பயங்கரம். கேன்டீனில் அவள் போய் உட்கார்ந்த மேசையிலிருந்து ஒவ்வொருவராக டம்ளரைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்கள். "வீட்டு வருமானம் முக்கியமாப் போச்சு" என்று யாரோ அவள் காதுபடவே சொன்னார்கள். அவள் மறுக்கவில்லை. பணத்துக்காக ஓட்டுப் போட்டவள் என்ற பெயரையாவது தாங்கிக்கொள்ளலாம். பொறாமையில் போட்டவள் என்று தெரிந்தால் டெப்போவில் தலைகாட்ட முடியுமா?

வீட்டில் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"நீயா போட்டே?"

"ஆமா."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். நன்றி மாதிரி இருந்தது. "ரொம்ப உதவியா இருக்கும்" என்றார். அவர் அந்த மாதத்தில் அவளிடம் பேசிய பெரிய வாக்கியம் அதுதான். அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

சோதனை ஆரம்பித்த முதல் வாரம் அவள் நினைத்தபடியே போயிற்று. சாம்பல் நிறக் கார் அவள் பஸ்ஸுக்கு முன்னால் விர்ரென்று போய் மறைந்துவிடும். பார்ப்பதற்கே ஒன்றுமில்லை. ஆகா, என்ன நிம்மதி! மற்றப் புக்கிங் கார்களும் உள்ளே புகுந்து பஸ்ஸை நகரவிடாமல் செய்தன, நேரம் தவறிக்கொண்டே போனது, பயணிகள் முணுமுணுத்தார்கள். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் ஒருநாள், மேம்பாலம் இறங்கினதும் வருகிற நிறுத்தத்தில், பஸ் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கார் நின்றது. நாலு பக்கமும் விளக்கை மினுக்கவிட்டுக்கொண்டு, ஆளில்லாமல் நின்றது. சாம்பல் நிறம்.

நிறுத்தத்தில் சக்கர நாற்காலியில் டீச்சர் காத்திருந்தார். பஸ் நடைபாதையை ஒட்டி நின்றால்தான் சக்கர நாற்காலி ஏறுகிற சாய்பலகை இறங்கித் தரையைத் தொடும். கார் அடைத்துக்கொண்டு நிற்பதால் பஸ்ஸை ஒட்டி நிறுத்த முடியவில்லை. பலகையை இறக்கினால் அந்தரத்தில் தொங்கியது. டிரைவரம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் உட்கார இடமுள்ள குட்டி மேசை. அதில் வீட்டுக்காரரும் முப்பத்திரண்டும்.

ஆக, மிச்சம் பிடித்த நேரத்தை இவர்கள் இப்படிச் செலவு செய்கிறார்கள்! முன்பு ஒருத்தர் முன்சீட்டு, ஒருத்தர் பின்சீட்டு. இப்போது ஒரே மேசை. இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது யார்? ஊரைப் பகைத்துக்கொண்டு, டெப்போவில் பேர் கெட்டு, கையைத் தூக்கி இவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தது யார்?

டிரைவரம்மா ஹாரனில் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. டீக்கடையிலிருந்து வீட்டுக்காரர் கையில் கோப்பையோடு ஓடிவந்து, பஸ்ஸில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். டீ சட்டையில் கொட்டியது. பின்னாலேயே வந்த முப்பத்திரண்டு, ஹாரன் அடித்தது எதற்கென்று புரியாமல், நல்ல மனசோடு பஸ்ஸைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அந்தக் கையை ஒடித்தால் என்ன என்று டிரைவரம்மாவுக்குத் தோன்றியது.

கார் போனதும் பஸ்ஸை ஒட்டி நிறுத்திப் பலகையை இறக்கினாள். டீச்சர் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைக் கொஞ்சம் நிறுத்தினார்.

"நல்லா சோதிச்சுப் பார்த்தாச்சு" என்றார். "தெனமும் யாராவது ஒருத்தர் இங்க கொண்டுவந்து சொருகிடறாங்க. நேத்து ரெண்டு பஸ்ஸை விட்டுட்டேன். ஸ்கூல்ல பசங்க மிஸ் வரலைன்னு குஷியா இருந்தாங்களாம்."

டிரைவரம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவள் கணக்குப் போட்டதில் இந்த டீச்சர் எங்கேயுமே இல்லை.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் அவர், "அங்க நிறுத்தினது தப்புதான்" என்றார். "டாக்டரம்மாவுக்கு நேரம் இருந்துச்சு. டீ வாங்கித் தரேன்னாங்க" என்றார். அவள் பாத்திரங்களை மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள்.

கடைசிக் கூட்டத்துக்குப் பொதுமக்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய ஹாலில் நாற்காலி போட்டு, நடுவில் ஒரு ஒலிபெருக்கியும் வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். பேச வந்தவர்களில் மூன்றாவது ஆள் முப்பத்திரண்டு.

கிட்டத்தில் பார்த்தால் வயசானவள். தலையில் பாதி நரை, முழங்காலில் வலி போல, கொஞ்சம் சாய்ந்து நடந்தாள். இதில் ஆறுதல் அடையலாம் என்று பார்த்தால் டிரைவரம்மாவுக்கு ஆறுதல் வரவில்லை. அழகைப் பார்த்து வந்த பொறாமையாக இருந்தால்தானே நரையைப் பார்த்ததும் தணியும்?

"நான் பல் டாக்டர். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று சிரித்துக்கொண்டே பேசினாள் அந்த அம்மாள். "முன்னெல்லாம் மூச்சுவாங்க ஓடிப் போய் நிப்பேன். இப்ப நேரத்துக்கு முன்னாலயே போயிடறேன். வழியில ஒரு டீ கூடக் குடிக்கறேன். இதை நிறுத்திடாதீங்க."

டீயாம்! டிரைவரம்மா மேசைக்கடியில் விரல்களை முறுக்கிக்கொண்டாள்.

பிறகு டீச்சர் பேசினார். அதிகாரி பஸ்கள் எவ்வளவு தாமதமாகின்றன என்று படம் போட்டுக் காட்டினார். காட்டவே வேண்டாம். ஹாலில் இருந்த பாதிப் பேர் அந்தத் தாமதத்தில் மாட்டிக்கொண்டு வந்தவர்கள்தான். "புக்கிங் கார் பஸ் தடத்துக்கு வேண்டாம் என்கிறவர்கள்" என்று அதிகாரி வாக்கியத்தை முடிப்பதற்குள் டிரைவரம்மாவின் கை மேலே போய்விட்டது. அவள் கைதான் முதல் கை. அதைப் பார்த்து இன்னும் ஒவ்வொன்றாக உயர்ந்தன. புக்கிங் காரை விடுகிற தீர்மானம் தோற்றது. பின் வரிசையிலிருந்து மைக், ஒலிபெருக்கி இல்லாமலே, "அப்படிப் போடு!" என்று கத்தினார்.

பஸ்ஸுக்கும் நல்லது, டீச்சருக்கும் நல்லது, டீக்கடைக்கும் பூட்டு. எல்லாம் ஒன்றாக அமைந்துவிட்டது. ஜெயித்த முகத்தோடு வெளியே வந்தவளைத் தாழ்வாரத்தில் பல் டாக்டரம்மா பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே அவரோட மனைவி? பஸ் போறப்ப, அதோ என் வீட்டம்மான்னு காட்டுவார். அன்னிக்கு உங்க வழியை அடைச்சதுக்கு மன்னிச்சுக்கணும், என்னாலதான்."

"பரவாயில்லை" என்றாள் டிரைவரம்மா, உதட்டால் மட்டும்.

"என் வேலை என்னன்னா, நாள் முழுக்க வாயைத் தொறந்து வெச்சிருக்கறவங்களோடதான் இருப்பேன். ஆனா ஒருத்தராலயும் ஒரு வார்த்தை பேச முடியாது" என்று அந்த அம்மாள் சிரித்தாள். "வீட்டுக்குப் போனா நான் மட்டும்தான். நான் நாள் பூரா காதால கேக்கற மனுஷப் பேச்சு காலைல அவர் பேசறது ஒண்ணுதான். நீங்க குடுத்து வெச்சவங்க. இவரோட இருந்தா வீடு எப்பவும் கலகலன்னு இருக்கும், இல்லையா?"

பொறாமையாக இருந்திருந்தால் பழகிப்போன விஷயம், டிரைவரம்மா சமாளித்திருப்பாள். இது அவமானம். ஆனாலும் இந்த அம்மாளுக்கு முன்னால் விட்டுக்கொடுப்பாளா?

"ஆமா" என்றாள். "வாயே மூடமாட்டார். சில நாள் நான்தான் போதும்னு சொல்லி நிறுத்துவேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டுக்குப் போனபோது சேதி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டுக்காரர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கோபமாகத் தெரியவில்லை. குழப்பமாக இருந்தார்.

"மொதல்ல வேணும்னு போட்டே. இப்ப வேணாம்னு போட்டே. பஸ்ஸுக்காகன்னா மொதல்லயே வேணாம்னு போட்டிருக்கணும். எனக்காகன்னா இப்பவும் வேணும்னு போட்டிருக்கணும். எனக்குப் புரியல."

அவ்வளவுதான், உடைந்துவிட்டாள்.

"உங்களுக்காகவும் இல்ல, பஸ்ஸுக்காகவும் இல்ல. அந்தம்மாகிட்ட நீங்க பேசக் கூடாதுன்னு போட்டேன். சீக்கிரம் போனா பேசமாட்டீங்கன்னு நினைச்சேன். நீங்க டீக்கடைக்குப் போனீங்க. அதனால மூடினேன். போதுமா? எத்தனை வருஷமா இந்த வீட்டுல நான் சுவத்தோட பேசிக்கிட்டிருக்கேன்! அங்க என்னன்னா கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்றீங்க. அது என் பேச்சுங்க. என் பஸ்ல நின்னு பேசின பேச்சு. அதை எதுக்கு அவங்களுக்குக் குடுத்தீங்க?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். அவள் எதிரே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதாவது வருமா என்று. ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவர் எழுந்து போய், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அப்புறம்தான் குரல் வந்தது.

"இதோ, இப்ப பார்த்தே பாரு, அப்படிப் பார்த்தா எனக்கு வார்த்தை வராது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். யாராவது மூஞ்சிக்கு நேரா பார்த்தா எல்லாம் மறந்துடும். பஸ்ல நீ ரோட்டைப் பார்த்துக்கிட்டிருந்தே. அதான் வந்துச்சு. கார்ல நான் ரோட்டைப் பார்க்கறேன், அதான் வருது."

"டீக்கடையில?"

"அங்க ஒரு வார்த்தை பேசல. அவங்க பேப்பர் படிச்சாங்க. நான் டீ குடிச்சேன்."

அவள் நம்பவில்லை. பிறகு அந்தக் கண்ணாடிக் கதவை யோசித்துப் பார்த்தாள். அன்றைக்குக் கண்ணில் பட்டது மேசையும் ஆட்களும்தான். சிரிப்பு படவில்லை.

"நம்ம கார்ல நானும்தானே வந்திருக்கேன்? அப்ப ஏன் பேசல?"

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே தயங்கினார். "நீ முன்சீட்டுல உக்காருவே. 'பிரேக்கை மெதுவா பிடிங்க. இண்டிகேட்டர் எங்க? கண்ணாடியப் பார்த்தீங்களா?' வீடு வந்து சேர்ற வரைக்கும் அதுதானே நடக்கும்? நடுவுல நான் எங்க பேசறது?"

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை என்று டிரைவரம்மாவுக்கே தெரியும்.

பல் டாக்டரம்மா வாரத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாள் என்று தெரிந்துகொண்டு, டெப்போவில் டைம் கீப்பரோடு மல்லுக்கட்டி, டிரைவரம்மா தன் வாராந்தர ஓய்வை அந்த நாளுக்கு மாற்றிக்கொண்டாள். அன்று காலையில் அவர் காரை எடுக்கும்போது போய்ப் பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

"எங்க போகணும்?" என்றார் அவர், கண்ணாடியில் பார்த்து.

"நெரிசல் எங்க ஜாஸ்தியோ அங்க."

மேம்பாலத்துக்கு முந்தின சிக்னலில் வந்து மாட்டிக்கொண்டார்கள். பக்கத்தில் பஸ் தடம் காலியாக, சிவப்பாக நீண்டு கிடந்தது. வழியில் அவர் இண்டிகேட்டர் போடாமல் வரிசை மாறினார். அவள் நாக்கு நுனிவரை வந்ததை முழுங்கினாள். அப்புறம் அவர் ரோட்டைப் பார்த்தபடியே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒருநாள் ஒருத்தர் கார் புக் பண்ணினார். போய் நின்னா ஆள் ஏறல. ஒரு குடையைக் கொண்டுவந்து பின்சீட்டுல வெச்சு, அதுக்கு பெல்ட்டும் போட்டுவிட்டார். மாமனார் விட்டுட்டுப் போன குடையாம். மரியாதையாக் கொண்டுபோய்ச் சேர்க்கணுமாம். போற வழியெல்லாம் எனக்குக் கண்ணாடியில அந்தக் குடையப் பார்த்தா மாமனாரையே பார்க்கற மாதிரி இருக்கு. சத்தமாப் பாட்டுப் போடக்கூட பயமா இருந்துச்சு."

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பழைய குரல்தான், அதே இழுப்பு. நடுவில் சட்டென்று நிறுத்தினாள்.

"இதை அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

கண்ணாடியில் அவர் கண்கள் ஒருமுறை வந்து போயின. "சொன்னேன்."

அன்றைக்குக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது இதற்காகத்தான் இருக்க வேண்டும். "அப்ப வேற சொல்லுங்க. சொல்லாததாச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். பூனையோடு வந்த கல்யாண மாப்பிள்ளை கதையை ஆரம்பித்து, "அதுவும் சொல்லியாச்சு" என்று பாதியில் விட்டார். இன்னொன்றை எடுத்தார், அதையும் விட்டார். பஸ் தடத்தில் ஒரு பஸ் வந்தது. ஓட்டி வந்த டெப்போ ஆள் கீழே பார்த்து, டிரைவரம்மா பின்சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பதைக் கண்டு கண்ணை அகல விரித்துக்கொண்டே போனார். அவளுக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. எல்லாவற்றையும் கொட்டிக் கொடுத்துவிட்டாரா இந்த மனுஷன்? எனக்கென்று ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லையா?

"ஒண்ணே ஒண்ணு இருக்கு" என்றார் அவர் மெதுவாக.

"என்ன?"

"இந்த பஸ் லேனை ஏன் தொறந்தாங்க, ஏன் மூடினாங்கங்கற கதை. அதை அவங்ககிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல."

அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. "சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன்."

"எனக்கு மட்டும் சொல்லுங்க. மொதல்லேருந்து."

"உனக்குத்தான் தெரியுமே."

"எனக்கு பஸ் மேலேருந்து பார்த்ததுதான் தெரியும். நீங்க சொல்லுங்க."

சிக்னல் பச்சையானது. முன்னால் நின்ற கார் நகர்ந்தும் அவர் உடனே நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எடுங்க என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

"ஒரு ஊர்ல ஒரு டிரைவரம்மா இருந்தா" என்று ஆரம்பித்தார். "பஸ்னா அவளுக்கு உசிரு. ஆனா பொறாமைன்னு வந்துட்டா, அப்படி ஒரு பொறாமை…"

கண்ணாடியில் அவர் பார்வை தன்னைத் தேடி வருவதைக் கண்டதும், டிரைவரம்மா அவருக்குப் பேச வசதியாக ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.